குறிகள் பேசும், கற்பிப்பார் உள்ளவரை



நாவின் வேகம் வேறு. கையின் வேகம் வேறு. ஒருவர் மேடையேறிப் பேசத் தொடங்கினால், அவர் கூறும் சொற்களை ஒன்றும் விடாமல் எழுத்தில் பிடித்துவிட எத்தகைய விரைவான கையாலும் இயலுவதில்லை. ஒரு வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் மூன்று வாக்கியங்கள் காற்றோடு போய்விடும். இக்குறையை நீக்க மனிதன் கண்ட வழியே சுருக்கெழுத்து.

தட்டச்சுப் பயிலகங்களின் பெயர்ப்பலகைகளில் இச்சொல்லைக் கண்டிராதவர் நம்மில் மிகச் சிலரே. இங்கிலாந்து நாட்டு ஐசக் பிட்மன் 1837ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒலிவழிச் சுருக்கெழுத்து உலகெங்கும் பரவியதை நாம் அறிவோம். ஆனால் பிட்மனுக்கு ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்னரே, ரோமாபுரியில் இலத்தீன் மொழிக்கென ஒரு சுருக்கெழுத்து முறை தோன்றிவிட்டது. அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. பின்னர் படிப்பார் எவருமின்றி மறைந்தது. அறிஞர் சிலரின் விடாமுயற்சியால் மீண்டும் வாய் திறந்தது.

அதன் வரலாறு நம்முன் ஒரு வினாவை வைக்கின்றது. எழுத்தின் உயிர் எங்கே இருக்கின்றது? ஏட்டிலா? அதனைக் கற்பிக்கும் மனிதரிடத்திலா?

ஐவரின் உயிரைத் தீர்மானித்த உரை

கி.மு. 63ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள். ரோமாபுரியின் செனட் அவை கூடியிருக்கின்றது. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகப் பிடிபட்ட ஐவரை என்ன செய்வது என்பதே அன்றைய விவாதம். அவ்வாண்டின் தலைமைப் பதவியில் இருந்தவர் நாவலர் சிசரோ. மரண தண்டனை வேண்டாம், சிறையில் வைப்போம் என்று வாதிட்டார் ஜூலியஸ் சீசர். அவை அவர் பக்கம் சாயத் தொடங்கிய வேளையில் கேட்டோ என்பவர் எழுந்தார். கடுமையான சொற்களால் அவையின் மனத்தை மாற்றினார். அன்றே அந்த ஐவரும் சிறைக் கூடத்தில் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டனர்.

கேட்டோ ஆற்றிய உரைகளுள் நிலைத்து நின்றது இது ஒன்றே என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூடார்க். அதற்கான காரணத்தையும் அவரே கூறுகின்றார். விரைந்து எழுதுவதில் கைதேர்ந்த எழுத்தர்களுக்குச் சிசரோ முன்கூட்டியே பயிற்சி அளித்திருந்தார். பல எழுத்துகளின் பொருளைச் சிறிய வடிவங்களில் அடக்கும் குறிகளை அவர்களுக்குக் கற்பித்து, அவையின் பல இடங்களில் அமர்த்தியிருந்தார். அதற்குமுன் இத்தகைய எழுத்தர் ரோமாபுரியில் இருந்ததில்லை என்றும் புளூடார்க் எழுதுகின்றார்.

ஐந்து மனிதரின் உயிரைப் போக்கிய ஓர் உரை, பேசியவர் கூறியவாறே பிற்காலத்தார் கைக்கு வரவேண்டும். யார் என்ன சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பதற்குச் சான்று வேண்டும். இலத்தீன் சுருக்கெழுத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதற்செய்தியே இத்தகைய பெரும் பொறுப்போடு தொடங்குகின்றது.

அடிமையின் கைவண்ணம்

இக்குறிகளுக்கு 'டீரோவின் குறிகள்' என்று பெயர். டீரோ என்பவர் யார்? சிசரோவின் வீட்டில் அடிமையாக இருந்தவர், அவருடைய எழுத்தர், அந்தரங்கச் செயலர். கி.மு. 53ஆம் ஆண்டில் சிசரோ அவருக்கு விடுதலை வழங்கினார். அதற்குப் பின்னரும் டீரோ அக்குடும்பத்தை விட்டு நீங்கவில்லை. ஒருமுறை கிரேக்க நாட்டில் அவர் நோயுற்றுத் தங்கிவிட்டபோது, உடல் தேறும்வரை கடல் கடந்து வரவேண்டாம் என்று சிசரோ கடிதத்தின்மேல் கடிதமாக எழுதினார். சிசரோவின் நண்பர்க்குரிய கடிதத் தொகுப்பின் பதினாறாம் பகுதி முழுவதும் டீரோவைச் சுற்றியே அமைந்துள்ளது. கி.மு. 43இல் சிசரோ கொலையுண்ட பிறகு, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் டீரோவே. அந்நூல் இன்று இல்லை.

டீரோவின் வேகத்திற்குச் சிசரோவே சாட்சி கூறுகின்றார். கி.மு. 45இல் மிகக் கவனமாக எழுதவேண்டிய கடிதம் ஒன்று. அதனை டீரோவிடம் சொல்லி எழுதச் செய்யவில்லை என்கிறார் சிசரோ. டீரோ முழு வாக்கியங்களாகவே பின்தொடர்ந்து எழுதிவிடுவார். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் எடைபோட விரும்பி, ஸ்பிந்தாரஸ் என்னும் வேறொருவரிடம் அசை அசையாகச் சொன்னாராம். எழுதுபவரின் வேகமே சொல்பவருக்குச் சில வேளைகளில் இடையூறாக இருந்திருக்கின்றது!

அதே ஆண்டின் மற்றொரு கடிதம் இன்னும் சுவையானது. தாம் முன்பு எழுதியது நண்பர் அட்டிகஸுக்கு விளங்காமற் போனதற்குக் காரணம், தாம் குறிகளால் எழுதியதாக இருக்கலாம் என்கிறார் சிசரோ. கற்றறிந்தவர் அட்டிகஸ், நெருங்கிய நண்பர். அவருக்கே குறி விளங்கவில்லை. இம்முறையோடு கூடவே பிறந்த குறை இது. கற்றவருக்கு மட்டுமே அது எழுத்து. மற்றவர்க்கு வெறும் கீறல்.

இக்குறிகளை முதலில் வகுத்தவர் யார் என்பதில் பழைய ஆசிரியர்கள் ஒரே குரலில் பேசவில்லை. புளூடார்க் டீரோவின் பெயரைச் சொல்லாமல் சிசரோவைச் சொல்கிறார். காசியஸ் டியோ என்னும் வரலாற்றாசிரியர், அகஸ்டஸ் மன்னரின் நண்பரான மைசீனாஸைச் சொல்கிறார். அவர் தம்மால் விடுதலை பெற்ற அக்குலா என்பவரைக் கொண்டு பலர்க்குக் கற்பித்தார் என்கிறார். கி.பி. 636இல் மறைந்த இசிடோர் என்னும் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ஒரு வரிசையே தருகின்றார். என்னியஸ் 1,100 குறிகளைக் கண்டாராம். டீரோ முன்னிடைச் சொற்களுக்குரிய குறிகளை வகுத்தாராம். பின்வந்தோர் மேலும் சேர்த்தனராம். இறுதியில் செனெகா அனைத்தையும் தொகுத்து 5,000 ஆக்கினாராம்.

தத்துவஞானி செனெகா தம் கடிதம் ஒன்றில் இக்கலையைக் குறிப்பிடுகின்றார். எவ்வளவு விரைவான பேச்சையும் பிடித்துவிடும் இக்குறிகள், மிகத் தாழ்ந்த அடிமைகளின் கண்டுபிடிப்பு என்பது அவர் கூற்று. அதனைப் புகழாக அவர் சொல்லவில்லை. ஞானியர்க்கு இதில் பங்கில்லை என்று காட்டவே சொன்னார். ஆயினும் அவர் வாக்கே இன்று அந்தப் பெயரறியா அடிமைகளுக்கு நற்சான்றாகிவிட்டது. ஆண்டைகள் பேசினார்கள், பெயர் பெற்றார்கள். அப்பேச்சைக் காத்தவை அடிமைகளின் கைகள்.

குறி அமைந்த விதம்

பிட்மன் முறை ஒலியை எழுதுவது. டீரோவின் முறை சொல்லை எழுதுவது. இரண்டிற்கும் உள்ள அடிப்படை வேற்றுமை இதுவே. ஒரு சொல்லின் முதலெழுத்தையோ வேறு சில எழுத்துகளையோ எடுத்து, அவற்றின் வடிவத்தைச் சிதைத்துச் சுருக்கி, ஒரே கீற்றாக்கிவிடுவார்கள். அதுவே அச்சொல்லுக்குரிய குறி.

இலத்தீனில் ஒரே சொல் வேற்றுமைக்கும் காலத்திற்கும் ஏற்ப ஈறு மாறும். நம் இலக்கணத்தில் பகுதி, விகுதி என்று பிரிக்கின்றோம் அல்லவா? அதுபோலவே அவர்களும் செய்தனர். பகுதிக்கு ஒரு பெரிய குறி. விகுதிக்கு அருகே ஒரு சிறிய குறி அல்லது புள்ளி. அச்சிறு குறியின் வடிவம் மட்டுமின்றி, அது நிற்கும் இடமும் பொருளை மாற்றும். மேலே நின்றால் ஒன்று. கீழே நின்றால் வேறொன்று. ஒரு புள்ளி இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

எழுதுவதற்கு மெழுகு பூசிய மரப்பலகையும் எழுத்தாணியும் பயன்பட்டன. எழுத்தாணியின் ஒரு முனை கூர்மை, மறுமுனை தட்டை. கூர்முனையால் குறிகளைக் கீறுவர். பின்னர் நிதானமாக அவற்றை முழு எழுத்தில் பெயர்த்து எழுதுவர். அது முடிந்ததும் தட்டை முனையால் மெழுகைத் தேய்த்துச் சமன் செய்து, அடுத்த உரைக்கு ஆயத்தமாவர். ஆகவேதான் சிசரோ காலத்துக் குறிப்பலகை ஒன்றேனும் நம் கைக்கு எட்டவில்லை. பிரிட்டனின் வடபகுதியில் விந்தோலாந்தா என்னும் ரோமானியக் கோட்டையில், கி.பி. 100ஐ ஒட்டிய காலத்து மெல்லிய மரத்தகடுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் சிலவற்றில் காணப்படுபவை சுருக்கெழுத்து என்று ஆய்வாளர் கருதுகின்றனர். படிப்பார் இன்றி அவை இன்றும் ஊமையாகவே கிடக்கின்றன.

பயன்படுத்தியோர் பலர்

பேரறிஞர் மூத்த பிளினி பயணம் செய்யும்போதும் காலத்தை வீணாக்குவதில்லை. நூலும் பலகையுமாக ஒரு குறிப்பெழுத்தர் அவர் அருகிலேயே அமர்ந்திருப்பார். குளிர்காலத்தில் அந்த எழுத்தரின் விரல்கள் விறைத்துப் போகாதிருக்க நீண்ட கையுறை ஆடை அளிக்கப்பட்டது என்று பிளினியின் மருமகனார் எழுதியுள்ளார். கி.பி. 79 முதல் 81 வரை ஆண்ட பேரரசர் டைட்டஸ் தாமே இக்கலையில் வல்லவர். தம் எழுத்தர்களோடு போட்டியிட்டு விளையாட்டாக எழுதுவாராம். பிறர் கையெழுத்தைப் போலவே எழுதவும் வல்ல அவர், தாம் நினைத்திருந்தால் கைதேர்ந்த கள்ளக் கையெழுத்தாளர் ஆகியிருக்கலாம் என்று வேடிக்கையாகச் சொன்னதுண்டாம்.

வேடிக்கைதான். ஆயினும் அதனுள் ஓர் எச்சரிக்கை இல்லையா? பேசியவருக்கும் படிப்பவருக்கும் இடையே எழுத்தர் ஒருவர் இருக்கின்றார். அவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாது. அவர் பெயர்த்துத் தருவதையே உண்மையென நம்பவேண்டும். பிறருடைய சொல் அவர் கையில் ஓர் அமானிதம்.

கி.பி. 411இல் கார்த்தேஜ் நகரில் கூடிய பெரும் மாநாடு இதற்கு எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்கக் கிறித்தவர் இரு பிரிவாகப் பிளவுண்டிருந்தனர். ஒவ்வொரு தரப்பிலும் 250க்கும் மேற்பட்ட ஆயர்கள் திரண்டனர். எதிர்த்தரப்பின் எழுத்தர் தம் சொல்லை மாற்றிவிடுவாரோ என்னும் ஐயத்தால், இரு தரப்பினரும் தத்தம் குறிப்பெழுத்தர்களை அமர்த்தினர். தாம் பேசியதன் தெளிவான படியைப் பார்த்து, அது சரியே என்று பேசியவர்கள் கையொப்பமிட்டனர். முதல்நாள் நடவடிக்கைகளின் முழு எழுத்துப் படியைப் படித்த பின்னரே மேலே செல்வோம் என்று ஒரு தரப்பினர் வற்புறுத்தியதால், இரண்டாம் அமர்வு ஒத்திவைக்கப்பட்டது. குறிகள் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது, அனைவரும் படிக்கும் எழுத்தாக வந்தாலன்றி அது சான்றாகாது என்று அவர்கள் கருதினர்.

குறி எழுத்தாகுமா?

இதே வினா ரோமானிய நீதிமன்றங்களிலும் எழுந்தது. ஒருவர் தம் மரண சாசனத்தை, அதாவது வஸிய்யத்தைக் குறிகளால் எழுதச் செய்தால் அது செல்லுமா? பவுலஸ் என்னும் சட்ட அறிஞர், தமக்கு முற்பட்ட பீடியஸின் கருத்தை எடுத்துக்காட்டி விடை கூறினார்: குறிகள் எழுத்துகள் ஆகமாட்டா, ஆகவே அத்தகைய சாசனம் சட்டத்தின் ஏற்பைப் பெறாது.

ஆனால் ஒரு வழக்கு அவர்முன் வந்தது. போர்வீரன் ஒருவன் தன் சாசனத்தைச் சொல்ல, குறிப்பெழுத்தர் குறிகளால் எழுதிக்கொண்டார். அதனை முழு எழுத்தில் பெயர்த்து எழுதுவதற்குள் போர்வீரன் இறந்துவிட்டான். இப்போது அவன் விருப்பம் செல்லுமா, செல்லாதா? அவன் சொல் மெழுகில் இருக்கின்றது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது எழுத்தன்று. போர்வீரர்கள் தாம் விரும்பியவாறும் தம்மால் இயன்றவாறும் சாசனம் செய்ய உரிமையுண்டு என்பதால் அது செல்லும் என்று தீர்ப்புரைத்தார் பவுலஸ். ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தார்: உண்மையில் அவ்வாறே நடந்தது என்பது தக்க சான்றுகளால் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

போர்வீரன் அல்லாத ஒருவருக்கு இதே நிலை நேர்ந்திருந்தால்? அவர் சொன்னதும் வீண்; எழுத்தர் எழுதியதும் வீண். முழு எழுத்தாகாமல் நின்ற அந்தச் சிறு இடைவெளியில் ஒரு குடும்பத்தின் உரிமை முழுவதும் அழிந்துபோயிருக்கும். பிற்காலத்தில் பேரரசர் ஜஸ்டீனியன் தம் பெரும் சட்டத் தொகுப்பை கி.பி. 533இல் வெளியிட்டபோது, அதனைப் படியெடுப்போர் சுருக்கக் குறிகள் எவற்றையும் கையாளக் கூடாது என்று கண்டிப்பாகத் தடைவிதித்தார். சட்டத்தில் ஐயத்திற்கு இடமிருக்கலாகாது என்பதே அவர் நோக்கம்.

ஆசிரியரும் மாணவரும்

பாடம் சொல்லும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இக்கலை எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதே என்னை மிகவும் ஈர்க்கின்றது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரின் மணலிலிருந்து பாப்பிரஸ் தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தம் கிடைத்துள்ளது. கி.பி. 155ஆம் ஆண்டினது. அது கிரேக்கச் சுருக்கெழுத்தைப் பற்றியது. எனினும் அக்காலத்தில் இக்கலை கற்பிக்கப்பட்ட முறை அதிலிருந்து நன்கு விளங்கும். பனகோட்டஸ் என்பவர் தம் அடிமைச் சிறுவனைச் சுருக்கெழுத்து ஆசிரியர் அப்பல்லோனியஸிடம் ஈராண்டுப் பயிற்சிக்கு அனுப்புகின்றார். கட்டணம் 120 வெள்ளி டிராக்மா, மூன்று தவணைகளில். முதல் 40 தொடக்கத்தில். அடுத்த 40, சிறுவன் குறித்தொகுதி முழுவதையும் கற்று முடித்ததும். இறுதி 40, எந்த உரைநடையையும் பிழையின்றி எழுதவும் வாசிக்கவும் வல்லவனானதும்.

'எழுதவும் வாசிக்கவும்' என்னும் நிபந்தனை கருதத்தக்கது. எழுதத் தெரிந்து, எழுதியதைத் திரும்ப வாசிக்கத் தெரியாதவனுக்கு இறுதித் தவணை கிடையாது. சிறுவன் வேலை செய்யாமல் கழித்த நாட்களை ஈராண்டு முடிந்த பிறகு கூடுதலாகத் தங்கி ஈடுசெய்யவேண்டும் என்றும் ஒப்பந்தம் கூறுகின்றது. 1,850 ஆண்டுகளுக்கு மேலாகியும், மாணவன் வராத நாட்களின் கவலை ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் மாறவில்லை!

கி.பி. 301இல் பேரரசர் டயோகிளீசியன் பொருள்களுக்கும் கூலிக்கும் உச்ச விலை நிர்ணயித்து ஆணையிட்டார். அதில் ஆசிரியர்களின் கட்டணமும் உண்டு. தொடக்கக் கல்வி ஆசிரியருக்கு ஒரு மாணவனுக்கு மாதம் 50 தெனாரியஸ். கணித ஆசிரியருக்கு 75. சுருக்கெழுத்து ஆசிரியருக்கும் 75. இலக்கண ஆசிரியருக்கு 200. எழுத்தறிவிப்பவரை விடச் சற்று மேல், இலக்கணம் கற்பிப்பவரை விட மிகக் கீழ். சமூகத்தில் இக்கலைக்கு இருந்த இடத்தை அந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

எனினும் காலப்போக்கில் குறிப்பெழுத்தர்களுக்கு உயர்வு வந்தது. அரசர்களின் அந்தரங்க ஆலோசனைகளை எழுதியோர் அரசின் நம்பிக்கைக்குரிய அதிகாரிகளாயினர். இலத்தீனில் குறிக்கு 'நோட்டா' என்று பெயர். குறி எழுதுபவர் 'நோட்டாரியஸ்'. கார்த்தேஜ் மாநாட்டிற்குப் பேரரசரால் நடுவராக அனுப்பப்பட்ட மார்செல்லினஸ் அப்பட்டம் உடையவரே. இன்று நாம் ஆவணங்களில் சான்றொப்பம் பெறச் செல்லும் 'நோட்டரி' என்னும் பெயர் அங்கிருந்து வந்ததே. அடிமையின் தொழிற்பெயர் இன்று சான்றளிக்கும் அதிகாரம் பெற்றவரின் பெயராகி நிற்கின்றது.

மறைவும் மீட்சியும்

ரோமானியப் பேரரசு மேற்கே வீழ்ந்த பின்னும் குறிகள் வீழவில்லை. பிரான்சு, ஜெர்மனி நாடுகளின் துறவியர் மடங்களில் அவை உயிர் வாழ்ந்தன. குறிகளைத் திரட்டிய அகராதிகள் எழுதப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 13,000 குறிகள் இடம்பெற்றன. ஸபூர் வேதப் பாடல்கள் அனைத்தையும் குறிகளாலேயே எழுதி, மாணவர்க்குப் பயிற்சி நூலாகத் தந்தனர். மனப்பாடமாகத் தெரிந்த பாடலைக் குறியோடு ஒப்பிட்டுக் கற்பது எளிதன்றோ? பிராங்கிய அரசர்களின் செயலகத்தார் அரச ஆணைகளின் ஓரத்தில் குறிகளால் எழுதி வைத்தனர். போலி ஆவணம் செய்வோர் அவற்றை அறியாராதலின் அது ஒரு காப்பாகவும் அமைந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில் உச்சம் கண்ட இக்கலை, பின்னர் மெல்லத் தேய்ந்தது. விரைந்து பேசப்படும் வீட்டு மொழியாக இலத்தீன் இல்லாமற் போயிற்று. ஆயிரக்கணக்கான குறிகளை நெட்டுருச் செய்யும் உழைப்புக்கேற்ற பயனும் குறைந்தது. கற்பதற்கு மாணவர் வரவில்லை. நாளடைவில் கற்பிப்பதற்கு ஆசிரியரும் இல்லை. 12ஆம் நூற்றாண்டளவில் குறிகளைப் படிப்பார் ஏறக்குறைய அற்றுப்போயினர். ஏடுகளை எவரும் எரிக்கவில்லை, கிழிக்கவில்லை. அவை அலமாரிகளில் பத்திரமாகவே இருந்தன. எனினும் அவற்றில் இருந்த எழுத்து இறந்துவிட்டது.

எவ்வளவு முற்றாக இறந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. ஜெர்மனியின் மடத்துத் தலைவரும் நூலறிஞருமான திரிதேமியுஸ், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய குறி அகராதி ஒன்றைக் கண்டெடுத்தார். ஸ்ட்ராஸ்பர்க் நகர நூலகத்தில் குறிகளால் எழுதிய ஸபூர் ஏடு ஒன்றையும் கண்டார். அந்நூலகத்தார் அதற்கு என்ன பெயரிட்டிருந்தனர் தெரியுமா? 'அர்மீனிய மொழி ஏடு' என்று! தம் முன்னோர் தம் மொழியிலேயே எழுதிய ஏட்டை, தொலைதூர நாட்டின் அந்நிய மொழி என்று அவர்கள் எண்ணிவிட்டனர்.

அதன்பின் மீட்புப்பணி மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நீண்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரூட்டர் குறிகளின் பட்டியலை அச்சிட்டார். 1747இல் பிரெஞ்சு அறிஞர் கார்ப்பந்தியே, சார்லிமேனின் மகன் லூயியின் அரசாணை மாதிரிகளைக் குறிகளிலிருந்து படித்து வெளியிட்டார். 1817இல் ஜெர்மானியரான கோப், குறிகள் எவ்வாறு கட்டப்பட்டன என்பதை முறையாக விளக்கினார். 1893இல் ஷ்மிட்ஸ் அகராதியின் செம்பதிப்பைக் கொண்டுவந்தார். ஓர் ஆசிரியர் ஈராண்டில் ஒரு சிறுவனுக்குக் கற்பித்துவிட்ட கலையை, ஆசிரியர் சங்கிலி அறுந்தபின் மீட்டெடுக்கப் பேரறிஞர் பலரின் வாழ்நாள்கள் தேவைப்பட்டன!

அக்குறிகளுள் ஒன்று மட்டும் ஒருபோதும் இறக்கவில்லை. 'உம்' என்னும் பொருள்தரும் இலத்தீன் இணைப்புச் சொல்லுக்கு டீரோவின் குறி, ஏறத்தாழ 7 என்னும் எண்ணைப் போன்றது. அயர்லாந்து நாட்டார் தம் ஐரிஷ் மொழியில் அதே பொருளுக்கு அதனை எடுத்துக்கொண்டனர். இன்றும் அந்நாட்டு வாகன நிறுத்துமிட அறிவிப்புப் பலகைகளில் அதனைக் காணலாம். 13,000 குறிகளும் கற்பிப்பாரின்றி ஊமையாயின. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அந்த ஒரே குறி வழிப்போக்கர்களோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றது.

நம் இல்லங்களில்

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதாகத் தோன்றலாம். ஆயினும் நம் இல்லத்து அலமாரியைச் சற்றுத் திறந்து பார்ப்போம். வணிகம் செய்த பெரியவரின் கணக்கேட்டில் அவர் மட்டுமே அறிந்த குறிகள் எத்தனை இருக்கின்றன! ஒரு வட்டம், ஒரு கோடு, பெயரின் முதலெழுத்து, அருகே ஒரு தொகை. கொடுத்த கடனா, வாங்கிய கடனா? யாரோ நம்பி ஒப்படைத்த அமானிதமா? அவர் உயிரோடு உள்ளவரை ஐயம் ஏதுமில்லை, அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அவர் கண்மூடிய மறுநாள், அதே ஏடு பிள்ளைகளுக்கு 'அர்மீனிய மொழி ஏடு' ஆகிவிடுகின்றது. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கின்றார், ஏடும் கையில் இருக்கின்றது, படிப்பார்தாம் இல்லை.

அந்தப் போர்வீரனின் விருப்பத்தைக் காக்க ஒரு சிறப்புச் சட்டம் இருந்தது. நமக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே குறிப்பாக எழுதியதை இன்றே முழு எழுத்தாக எழுதி வைப்போம். அதனை இல்லத்தில் இன்னொருவருக்கேனும் படித்துக் காட்டி, அவரைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்போம். எகிப்து நாட்டு ஆசிரியர் தம் மாணவனிடம் கேட்டதும் அதுதானே?